காட்டிக் கொடுக்காத மாணவன்

பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு பையன்தான் பின்னாளில் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசை வாங்கினார் என்றால் நம்புவீர்களா? அவர் பெயர் வில்ஹெம் கான்ராட் ராண்ட்ஜென். 1845 மார்ச் 27-இல் ஜெர்மனியில் லென்னெப் என்ற ஊரில் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. ராண்ட்ஜென் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஹாலந்துக்குக் குடிபோனது.

அங்கே உட்ரெக்ட் தொழிற்பள்ளியில் படிக்கும்போது, யாரோ ஒரு மாணவன் வாத்தியாரைக் கேலிப்படமாக வரைந்துவிட்டான். மாட்டிக்கிட்டது நம்ம ராண்ட்ஜென். வரைந்தது யார் என்று கேட்டார்கள். வாயே திறக்கவில்லை. பள்ளியை விட்டே நீக்கிவிட்டார்கள். (அதுக்காக யாரும் கேலிப்படம் வரைய ஆரம்பிச்சிடாதீங்க!) கையில் பள்ளிச் சான்றிதழ் இல்லை. நுழைவுத் தேர்வு எழுதி சூரிச்சில் சேர்ந்து 1869-இல் டாக்டர் பட்டமே வாங்கிட்டார். அப்பவும் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் சான்றிதழைக் காரணம் காட்டி ஆசிரியர் தகுதி தர மறுத்தது. அதே பல்கலைக்கழகம் 1888-இல் அவரைப் பேராசிரியராகக் கூப்பிட்டுக்கொண்டது. எப்படி இருக்கு பாருங்க!

1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை மாலை. இருட்டறையில் ஒரு கண்ணாடிக் குழாயைக் கறுப்பு அட்டையால் மூடி, அதில் மின்சாரம் பாய்ச்சினார். கொஞ்சம் தள்ளி இருந்த ரசாயனம் பூசிய திரை பளிச்சென்று ஒளிர்ந்தது. அட்டையைத் தாண்டி ஏதோ ஒரு கதிர் போகிறது! அது என்னவென்று தெரியாததால் எக்ஸ் என்று பெயர் வைத்தார். ஏழு வாரம் ஆய்வகமே கதி. டிசம்பர் 22-இல் மனைவி பெர்த்தாவின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்தன. அந்த அம்மா பயந்தே போனார்களாம்.

காப்புரிமை வாங்கியிருந்தால் கோடீஸ்வரர் ஆகியிருப்பார். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் யார் வேண்டுமானாலும் கருவி செய்யலாம் என்று ஆனது. சில மாதங்களிலேயே பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே வந்துவிட்டது.

நம்ம மாவட்டத்துக்கு அதன் அருமை 2020-இல் நல்லாவே புரிந்தது. அந்த மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் கடலூர் மாவட்டத்தில் கொரோனா வேகமாகப் பரவியது. கடலூரிலும் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவமனையிலும் (இப்போது அது அரசு மருத்துவக் கல்லூரி) சிகிச்சை நடந்தது. மூச்சு வாங்குகிறவருக்கு நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டியது ராண்ட்ஜென் கதிர்தான்.

நல்ல நுரையீரலில் காற்று நிறைய இருக்கும். கதிர் சுலபமாகப் போய்விடும், படம் கறுப்பாக விழும். வைரஸ் தாக்கினால் காற்றறைகள் வீங்கி நீர் கோத்துக்கொள்ளும். அந்த இடம் குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி மங்கலாக வெளுக்கும். கொரோனாவில் இது பெரும்பாலும் இரண்டு பக்கமும், ஓரங்களிலும் கீழ்ப்பகுதியிலும் வரும். நோய் முற்றினால் நுரையீரல் முழுக்க வெள்ளையாகிவிடும். ஆனால் முதல் சில நாள் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். 1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டு கொண்டுவந்த சிடி ஸ்கேன் இன்னும் நுணுக்கமாகக் காட்டும். அதுவும் இதே கதிர்தான். நுரையீரலில் வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. மடலுக்கு 5 வீதம் மொத்தம் 25 மார்க். இந்தப் பரீட்சையில் மட்டும் மார்க் குறைந்தால்தான் சந்தோஷம்! எந்த வைரஸ் என்று படம் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, அதற்குத் தொண்டைச் சளிப் பரிசோதனை வேண்டும். கதிர் அதிகம் பட்டால் கெடுதல் என்பதால், டாக்டர் சொல்லாமல் நாமாகப் போய் ஸ்கேன் எடுப்பதும் தப்பு.

1901-இல் கிடைத்த நோபல் பணத்தை ராண்ட்ஜென் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். ஆமாம், ஒருகாலத்தில் தகுதி இல்லை என்றதே, அதே பல்கலைக்கழகத்துக்கு! 1919-இல் பெர்த்தா இறந்தார். முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியில் விலைவாசி தாறுமாறாக ஏறியதில் இவருடைய சேமிப்பும் கரைந்துபோனது. 1923 பிப்ரவரி 10-இல் மியூனிக் நகரில் குடல் புற்றுநோயால் காலமானார். அவர் எழுதி வைத்தபடி, அவருடைய கடிதங்களையும் ஆய்வுக் குறிப்புகளையும் எரித்துவிட்டார்கள்.