மறைந்தும் மறையாத குரல்
இசை நாடக மன்னர் எஸ். ஜி. கிட்டப்பா

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

வடுகபட்டி என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவது பூண்டுச் சந்தை. எங்கள் வீட்டிலும் பூண்டு வியாபாரம்தான். ஆனால், எங்கள் வீட்டுப் பரணில் பூண்டு மூட்டைகளோடு வேறொரு செல்வமும் இருந்தது. ஒரு மரப்பெட்டியில், பழைய வேட்டித் துணி சுற்றி அடுக்கி வைத்த ஆறு கிராமபோன் தட்டுகள் அவை. ஆறும் எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டுகள்.

என் தாத்தா பிறந்தது 1941இல். கிட்டப்பா மறைந்தது 1933இல். தாத்தா அவரைக் கண்டதில்லை. அவர் நடித்த மேடையையும் கண்டதில்லை. மதுரையில் அவர் நாடகம் பார்த்துத் திரும்பிய என் பூட்டனார் சொல்லிச் சொல்லியே அந்த அன்பு மகனிடம் வந்து சேர்ந்தது. சந்தைக் கணக்கு முடிந்த மாலையில் தாத்தா ஒரு பாட்டை உச்சத்தில் எடுக்க முயல்வார். தொண்டை கம்மும். தாமே சிரித்துக்கொள்வார். கண்ணால் காணாத ஒருவரிடம் இத்தனை பற்று ஒரு மனிதருக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்த வரலாற்றை மாணவ நண்பர்கள் முன் வைக்கிறேன்.

செங்கோட்டைச் சிறுவன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், குற்றாலச் சாரல் வீசும் ஊர் செங்கோட்டை. இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள அவ்வூர், அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. அவ்வூரில் கங்காதர ஐயர், மீனாட்சி அம்மாள் தம்பதியருக்கு 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் பிறந்தவர் கிட்டப்பா. பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். செல்லப் பெயரே ஊரறிந்த பெயராகி நிலைத்துவிட்டது.

குடும்பம் பெரியது; வருமானம் சிறியது. வறுமை பிள்ளைகளை நாடகக் கம்பெனிக்கு அனுப்பியது. உடன்பிறந்தோரும் மேடை ஏறியவர்களே. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்க வேண்டிய வயதில் கிட்டப்பா அரிதாரம் பூசிக்கொண்டார். முறையாக ஒரு குருவிடம் அமர்ந்து சங்கீதம் பயின்றவர் அல்லர். வித்துவான்களின் பாட்டைக் காதால் கேட்பார். கேட்டது அப்படியே தொண்டையில் வந்து நிற்கும். கேள்வி ஞானம் என்று நம் முன்னோர் சொன்னதற்கு அவரே தக்க சான்று.

அன்றைய நாடக உலகம் எப்படிப்பட்டது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதித் தந்த நாடகங்களே அதன் அடித்தளம். சிறுவர்களைச் சேர்த்து, உணவும் உடையும் தந்து, பாட்டும் வசனமும் பயிற்றிய பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்றன. பல மாதங்கள் ஓர் ஊரில் கொட்டகை போட்டு ஆடுவார்கள். பின்பு மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர். குரல் உடையும் பருவம் வந்ததும் வாழ்வும் உடைந்துபோன சிறுவர்கள் பலர். கிட்டப்பாவின் குரலோ வளர வளர மெருகேறியது.

காட்சி ஜோடனைகளுக்குப் பெயர்பெற்ற கன்னையா கம்பெனியில் அவர் சேர்ந்தது வாழ்வின் திருப்பம். அக்கம்பெனியின் 'தசாவதாரம்' நாடகத்தில் பரதனாக வந்து பாடியபோது அவர் பெயர் தமிழ்நாடெங்கும் பரவியது. பிறகு, உடன்பிறந்தோருடன் சொந்தமாகவே குழு அமைத்து நாடகம் நடத்தினார்.

ஐந்தரைக் கட்டை

கிட்டப்பாவைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் முதலில் சொல்வது ஐந்தரைக் கட்டை சுருதி. கட்டை என்பது ஆர்மோனியப் பெட்டியின் கட்டைகளைக் கொண்டு சுருதியை அளக்கும் முறை. ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவர். ஐந்து, ஐந்தரை என்பது பெண் குரலுக்கு உரிய எல்லை. அந்த உயரத்தில் நின்றுகொண்டு, அதற்கும் மேலே தார ஸ்தாயியில் சஞ்சாரம் செய்தவர் கிட்டப்பா. குரல் பிசிறவில்லை, கீச்சிடவும் இல்லை. பிருகாக்கள் மணி உதிர்வதுபோல் விழுந்தன.

இந்த உயரம் வெறும் வித்தைக்காக ஏற்பட்டதன்று. அக்காலத்து மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கீற்றுக் கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் பாட்டுக் கேட்டாக வேண்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியும் வரை நடக்கும். ஆகவே, உரக்கவும் உயரவும் பாடக் கூடியவனே ராஜபார்ட்டாக நிற்க முடிந்தது. கால் ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க, அவற்றுக்கு மேலே குரல் எழும்ப வேண்டும். கிட்டப்பாவுக்கு ஆர்மோனியத்தில் துணை நின்றவர் உடன்பிறந்தவரான காசி ஐயர்.

அந்தக் குரலில் தியாகராசர் கீர்த்தனையும் வந்தது. வள்ளலாரின் அருட்பாவும் வந்தது. நாடக மெட்டும் வந்தது. கச்சேரி மண்டபத்துக்குள் அடியெடுத்து வைத்திராத வண்டிக்காரரும் கூலியாளும் 'எவரனி' என்னும் தெலுங்குக் கீர்த்தனையைத் தெருவில் முணுமுணுக்கச் செய்தது அவர் குரலே. கற்றோர்க்கென்று இருந்த இசையைக் கல்லாதோர் முற்றத்தில் கொண்டுவந்து வைத்தது இசை நாடகம். அப்பணியின் உச்சத்தில் நின்றவர் கிட்டப்பா.

கொடுமுடிக் குயில்

காவிரிக் கரையில் கொடுமுடியில் 1908இல் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். வறுமையின் காரணமாக இரயிலில் பாடித் திரிந்த அச்சிறுமியின் குரல் அவரை நாடகக் கம்பெனியில் கொண்டு சேர்த்தது. 1926இல் இலங்கையில் அவர் பெயர் கொடிகட்டிப் பறந்தபோது கிட்டப்பாவும் அங்கு வந்து சேர்ந்தார். இருவரும் ஒரே மேடையில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தோன்றினர். ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடாமல் பாடிய அந்தப் போட்டி, கேட்டோரைக் கிறங்கச் செய்தது. போட்டி அன்பாக மலர்ந்தது. 1927இல் மணம் செய்துகொண்டனர்.

அந்த இல்லறம் இனிது நிலைக்கவில்லை. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணமாகி, கிட்டம்மாள் என்னும் மனைவி இருந்தார். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனக்கசப்பு வளர்ந்தது, பிரிவு நேர்ந்தது. இதில் கிட்டப்பாவைக் குற்றமற்றவராகக் காட்டுவது வரலாறாகாது. இரண்டு பெண்களின் கண்ணீர் அந்தப் புகழின் அடியில் கிடக்கிறது. அன்பர்கள் இதை மறைத்துப் பேசுவர். மாணவராகிய நாம் மறைக்க வேண்டியதில்லை.

அந்நாளில் நாடகமேடையே விடுதலை இயக்கத்தின் பாசறையாகவும் இருந்தது. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கதர் அணிந்தனர். தேசியப் பாடல்களைப் பாடினர். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இருவரிடமும் மதிப்புடையவர். புராண நாடகத்தின் நடுவே ஒரு தேசியப் பாட்டு எழும்பினால் கொட்டகையே ஆர்ப்பரிக்கும்.

அணைந்த விளக்கு

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் 'காளிதாஸ்' படம் வெளிவந்து தமிழில் பேசும் படக் காலம் பிறந்தது. நாடக நடிகர் பலர் அப்பக்கம் சென்றனர். கிட்டப்பாவுக்குக் காலம் அந்த வாய்ப்பைத் தரவில்லை. இரவு முழுதும் விழிப்பு, ஓயாத பயணம், அவற்றோடு குடிப்பழக்கம். மூன்றும் சேர்ந்து உடலை அரித்தன. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அந்தக் குரல் ஓய்ந்தது. அப்போது அவருக்கு நிறைந்த வயது இருபத்தேழு. நம் வகுப்பிலிருந்து வெளியேறி ஆறேழு ஆண்டுகளில் நாம் அடையப் போகும் வயது!

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணுடனும் மேடையில் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக ஆண் வேடமே ஏற்றார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பது அன்று நாடே வியந்த செய்தி. சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். 1953இல் 'ஔவையார்' ஆனார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980இல் மறையும் வரை, நாற்பத்தேழு ஆண்டுகள், அந்த விரதம் கலையவில்லை. கிட்டப்பாவின் அன்பர்களுள் தலையாயவர் யார் என்றால், அவரால் மிகுதியும் துன்புற்ற சுந்தராம்பாள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்று நிமிடத் தட்டு

கிட்டப்பா நடித்த திரைப்படம் எதுவும் இல்லை. எஞ்சியவை சில நிழற்படங்களும் கொலம்பியா கம்பெனி பதிந்த இசைத்தட்டுகளுமே. நிமிடத்துக்கு எழுபத்தெட்டு சுற்றுச் சுழலும் அந்த அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட இயலும். மேடையில் ஒரே பாட்டை 'ஒன்ஸ் மோர்' கேட்டுக் கேட்டு நெடுநேரம் விரிவாகப் பாடியவர், அந்த மூன்று நிமிடத்துக்குள் தம் முழு ஆற்றலையும் அடக்க வேண்டியிருந்தது. சிமிழில் அடைத்த மலைத்தேன் என அதனைச் சொல்லலாம்.

அத்தட்டுகள் திருமண வீடுகளிலும் காப்பிக் கடைகளிலும் சுழன்றன. பிள்ளைகள் அவற்றைக் கேட்டு வளர்ந்தனர். நம் மதுரைப் பக்கம் சோழவந்தானை அடுத்த தென்கரையில் பிறந்த டி. ஆர். மகாலிங்கம் (1923–1978) அப்படி வளர்ந்தவர். கிட்டப்பாவின் பாணியை உயிரெனக் கொண்டு, 1945இல் 'ஸ்ரீவள்ளி' படத்தால் புகழின் உச்சிக்குச் சென்றார். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் ஔவையாகச் சுந்தராம்பாளும் பாணபத்திரராக மகாலிங்கமும் பாடினர். கிட்டப்பா மறைந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தும், அவரை மறவாத இருவர் குரலும் ஒரே படத்தில் ஒலித்தன.

கடல் கடந்தும் இதே அன்பு

இந்த அன்பு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து லப்பக் நகரில் 1936இல் பிறந்தவர் படி ஹாலி. 'ராக் அண்ட் ரோல்' என்னும் துள்ளிசையின் தொடக்க கால நாயகர்களுள் ஒருவர். 1959ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், அயோவா மாநிலத்தில் கிளியர் லேக் ஊரில் கச்சேரி முடித்துப் புறப்பட்ட விமானம் விழுந்து மாண்டபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. முப்பது ஆண்டுகள் கழித்து, 1989இல், அவர் வாழ்வை இசை நாடகமாக்கி இலண்டனில் அரங்கேற்றினர். அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்நகரில் நடந்தது. நாடகத்தின் இறுதியில் அந்தக் கடைசிக் கச்சேரியே மேடையில் மீண்டும் நிகழ்கிறது. இறந்தவர் ஒரு மணிப்பொழுது எழுந்து வந்து பாடுவதுபோல் மக்கள் எழுந்து ஆடுகின்றனர்.

நம் ஊர்களில் இது புதிதன்று. வராக நதிக் கரையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் கோவில் திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம் உண்டு. ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் அன்று மாலை வந்திறங்குவர். சுவாமிகளின் நாடகம் எல்லார் நெஞ்சிலும் மனப்பாடமாக இருப்பதால் இரவு ஆட்டம் இனிது நடக்கும். வேலனாக வருபவர் உச்சத்தில் ஒரு கிட்டப்பா மெட்டை எடுத்தால், முன்வரிசைப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சிலர் எழுந்து போய்ச் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். அவருக்கென்று தனியாக அஞ்சலி நாடகம் தேவையில்லை. ஒவ்வொரு 'வள்ளி திருமண'மும் அவருக்கு அஞ்சலிதான்.

உடைந்த தட்டு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கியவன் நான். கை தவறியது. ஆறில் இரண்டு தட்டுகள் உடைந்தன. தாத்தா ஒரு சொல்லும் சொல்லவில்லை. துண்டுகளைப் பொறுக்கி, அதே துணியில் சுற்றி, அதே பெட்டியில் வைத்தார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு, யாரோ ஓர் அன்பர் கணினியில் ஏற்றிவைத்திருந்த அதே பாட்டைத் தேடிப் பிடித்துக் கைப்பேசியில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், நடுவில் ஓர் இடத்தில் வரும் கீறல் சத்தம் இதில் இல்லையே என்று குறைப்பட்டார். அவர் தந்தையார் காலத்தில் ஊசி வழுக்கி விழுந்த கீறல் அது. எனக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. கிட்டப்பாவின் குரலோடு, அதை இரவில் திண்ணையில் அமர்ந்து கேட்ட தம் தந்தையையும் தாத்தா கேட்டுக்கொண்டிருந்தார். கலைஞனிடம் மக்கள் கொள்ளும் பற்று இப்படித்தான் தலைமுறை தாண்டுகிறது போலும்.

நண்பர்களே! அரக்குத் தட்டு உடையக் கூடியது. மனித நினைவு அதனினும் எளிதில் உடையக் கூடியது. நம் மாவட்டத்தில் ராஜபார்ட் கட்டிய முதியவர்களும் கால் ஆர்மோனியம் மிதித்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் அந்த மெட்டுகளைச் சொல்ல ஆள் குறைவு. வரலாறு பயிலும் நாம் விடுமுறை நாளில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, பாடச் சொல்லிப் பதிவு செய்வோம். கைப்பேசி எல்லாரிடமும் இருக்கிறது. வடுகபட்டியில் நான் தொடங்கிவிட்டேன். முதல் பதிவு என் தாத்தாவுடையது. உச்சத்தில் தொண்டை கம்மி அவர் சிரிக்கும் இடத்தையும் வெட்டாமல் வைத்திருக்கிறேன்.