தில்லையாடி வள்ளியம்மை: பதினாறு வயசில் முடிந்த வாழ்க்கை



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லித் தலைவி அக்கா கேட்டாங்க. லோன் வாங்கித் தையல் மெஷின் போட்ட கதையை எழுதலாம்னு இருந்தேன். அதைப் போன மலரிலேயே ரெண்டு பேர் எழுதிட்டாங்க. அதனால், சென்னையில் பார்த்த ஒரு பெயர்ப் பலகையில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருசத்துக்கு முன்னால் குழுக் கண்காட்சிக்கு நைட்டியும் பனியன் துணியும் எடுத்துக்கொண்டு நாங்க நாலு பேர் சென்னை போனோம். ஒரு சாயங்காலம் எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்தைப் பார்த்தோம். தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர் போட்டிருந்தது. யாரோ பெரிய பணக்கார அம்மா கட்டிக் கொடுத்தது போலன்னு நான் சொன்னேன். ஊருக்கு வந்து மகளிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். அது பதினாறு வயசில் செத்துப்போன புள்ளம்மா என்று பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். அன்றிலிருந்து கிடைத்ததை எல்லாம் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

தில்லையாடி மயிலாடுதுறை மாவட்டத்தில் தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர். அது வள்ளியம்மையின் அம்மா ஊர். அப்பா முனுசாமி முதலியார் பாண்டிச்சேரி பக்கத்துக்காரர். பிழைப்புத் தேடித் தென்னாப்பிரிக்கா போய் ஜோகன்னஸ்பர்க்கில் சின்னதாக வியாபாரம் செய்தார். அங்கேதான் 1898 பிப்ரவரி 22-ல் வள்ளியம்மை பிறந்தாள். அந்தப் புள்ள தில்லையாடி மண்ணில் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை.

நம்ம சனம் அங்கே போனது 1860-ல் ஆரம்பித்தது. கரும்புக் காட்டில் வேலை செய்ய அஞ்சு வருச ஒப்பந்தத்தில், மெட்ராஸில் இருந்து முதல் கப்பல் போனது. ஆரம்பத்தில் மாசச் சம்பளம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கினால் ஆளுக்கு வருசம் 3 பவுன் தலைவரி. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்க, ஆறு மாசச் சம்பளம் வரிக்கே போச்சு. அதுவும் ஆம்பளைக்கு மட்டும் இல்லை. 16 வயசுப் பையனுக்கும் 13 வயசுப் பொண்ணுக்கும் தனித்தனியாக வரி.

வள்ளியம்மை வளர்ந்த டிரான்ஸ்வால் பகுதியை முன்னால் ஆண்டவர்கள் போயர்கள். 1652-ல் இருந்து அங்கே குடியேறிய டச்சுக்காரர்களின் வம்சம். போயர் என்றால் விவசாயி என்று அர்த்தம். இப்போது ஆப்பிரிக்கானர் என்கிறார்கள். இவர்களும் பட்ட சனம்தான். 1899 முதல் 1902 வரை இங்கிலீஷ்காரர்களோடு நடந்த சண்டையில், முகாம்களில் அடைக்கப்பட்ட இவர்களுடைய பொம்பளைகளும் குழந்தைகளும் மட்டும் 26,000 பேருக்கு மேல் செத்தார்கள். கூடவே ஆயிரக்கணக்கான கறுப்பு சனமும் முகாம்களில் செத்தது. இவ்வளவு வேதனைப்பட்டவர்கள் அடுத்தவர் வேதனையைப் புரிந்துகொள்வார்கள் என்றுதானே நினைப்போம்? 1910-ல் எல்லாப் பகுதியும் ஒரே நாடானபோது போத்தா, ஸ்மட்ஸ் என்ற இரண்டு போயர் தளபதிகள் கைக்கு ஆட்சி வந்தது. 1913-ல் நாட்டின் பெரும்பகுதி நிலத்தைக் கறுப்பர்கள் வாங்கவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். இந்தியர்கள் ஒரு மாகாணத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டும்.

அதே 1913 மார்ச்சில் ஒரு கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று. அதாவது நம்ம ஊர் முறையில் தாலி கட்டி வாழ்ந்தவளுக்கு மனைவி என்ற பெயர் இல்லை. அவள் பெற்ற பிள்ளைக்கு வாரிசு உரிமை இல்லை. வரி என்றபோது ஆம்பளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்த பொம்பளைகள் இப்போது தாமே கிளம்பிவிட்டார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

காந்தி நடத்திய இந்தப் போராட்டத்தில் டிரான்ஸ்வாலில் இருந்து முதலில் போன பொம்பளைகள் அநேகமாக எல்லோரும் தமிழ்ப் பெண்கள். அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி நேட்டாலுக்குள் போனார்கள். நியூகாசில் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளைப் பார்த்து 3 பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள். ஆயிரக்கணக்கான பேர் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். நவம்பரில் காந்தியோடு எல்லையை நோக்கி நடந்தவர்கள் ரெண்டாயிரத்துக்கு மேல். வேலைநிறுத்தம் கரும்புக் காட்டுக்கும் பரவியது. கம்பெனியில் ஒரு லைன் நின்றாலே என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அங்கே ஒரு மாகாணமே நின்றது.

வள்ளியம்மையும் அம்மாவோடு போனாள். ரெண்டு பேருக்கும் மூணு மாசம் கடுங்காவல். மாரிட்ஸ்பர்க் ஜெயிலில் பொம்பளைக் கைதிகளுக்குத் துணி துவைக்கும் வேலை, வாயில் வைக்க முடியாத சாப்பாடு. அங்கே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வெளியே வரும்போது எலும்பும் தோலுமாக வந்தாள். நல்ல உயரமான பொண்ணு, போர்வையில் வைத்துத் தூக்கும்படி ஆகிவிட்டாள். பார்க்க வந்த காந்தி, ஜெயிலுக்குப் போனதற்கு வருத்தமா என்று கேட்டார். இப்போது கூப்பிட்டாலும் திரும்பப் போவேன் என்றாள். செத்துப்போனால் என்ன செய்வாய் என்றதற்கும் பயப்படவில்லை. சில நாளில், 1914 பிப்ரவரி 22-ல் உயிர் போனது. பிறந்த தேதியே இறந்த தேதி.

அந்த வருசமே தலைவரி ரத்தானது. நம்ம கல்யாணங்களும் செல்லும் என்று சட்டம் வந்தது. ஜூலையில் நாடு திரும்பும் முன்னால், ஜோகன்னஸ்பர்க் பிராம்பான்டைன் இடுகாட்டில் அவளுக்கு நட்ட நினைவுக் கல்லைக் காந்தி திறந்து வைத்தார். மறு வருசம் தில்லையாடிக்கும் வந்து போனார். 2008-ல் நம்ம நாட்டுத் தபால்துறை அவளுக்குத் தபால்தலை வெளியிட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தச் சட்டம் இந்தியர்களுக்கு மட்டும்தான். கறுப்பு சனத்துக்கு ஒன்றும் மாறவில்லை. 1948-ல் ஆப்பிரிக்கானர் கட்சி ஆட்சிக்கு வந்து பிரித்து வைப்பதையே அரசாங்கக் கொள்கை ஆக்கியது. பஸ், பள்ளிக்கூடம், பெஞ்சு, கடற்கரை, குடியிருக்கும் தெரு, எல்லாம் நிறத்துக்கு ஒன்று. 1956 ஆகஸ்ட் 9-ல் சுமார் 20,000 பெண்கள் தலைநகர் பிரிட்டோரியாவுக்குத் திரண்டு போய் எதிர்த்தார்கள். அந்த நாள்தான் இப்போது அங்கே மகளிர் தினம். ஆப்பிரிக்கானரிலும் எதிர்த்து நின்றவர்கள் உண்டு. மண்டேலாவுக்காக வாதாடிய வக்கீல் பிராம் பிஷர் அந்த இனத்தவர்தான். பிறகு அவருக்கே ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 1994-ல்தான் எல்லா நிறத்தாரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.

இதைப் படித்து முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது. எப்படி மனுசங்க இவங்க என்று. அப்பறம் என் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது.

எங்கள் குழுவில் பன்னெண்டு பேர். கூட்டம் என் வீட்டில்தான். காலனியில் இருந்து ரெண்டு பேர் வருவார்கள். பத்துப் பேருக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ, அவர்கள் ரெண்டு பேருக்குப் பேப்பர் கப்பு. ஆறு வருசம் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். அவர்கள் படிக்கட்டில் உட்காருவார்கள், நாங்கள் பாயில். சேமிப்புப் பணம் மட்டும் எல்லோருடையதும் ஒரே பெட்டியில். காசுக்கு இல்லாத தீட்டு டம்ளருக்கு எங்கிருந்து வந்தது? அந்த ஊரில் சட்டம் எழுதி வைத்தார்கள். இங்கே சட்டம் வேண்டாம் என்றே சொல்கிறது. ஆனாலும் நான் செய்தேன்.

அடுத்த கூட்டத்தில் பன்னெண்டு டம்ளர் எடுத்து வைத்தேன். பாயையும் நீட்டிப் போட்டேன். கை நடுங்கியது உண்மை. மாமியார் அந்த ரெண்டு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார். நான் ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கழுவினேன். ஒருத்தி ரெண்டு கூட்டத்துக்கு வரவில்லை, லோன் பிரிக்கும்போது வந்துவிட்டாள். படிக்கட்டில் உட்கார்ந்த ரெண்டு பேரில் ஒருத்தர் இப்போது எங்கள் குழுப் பிரதிநிதி. பேங்கில் அவர் கையெழுத்து இல்லாமல் பணம் வராது. ஆறு வருசக் கணக்கை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அக்கா தங்கச்சிகளே, சென்னைப் பக்கம் போனால் எழும்பூரில் அந்தப் பெயர்ப் பலகையைப் பாருங்க. உங்க குழுக் கூட்டத்தில் எத்தனை விதமான டம்ளர் இருக்குன்னும் ஒருக்கா எண்ணிப் பாருங்க.

அன்புடன்,
ஒரு குழு ஊக்குநர், ஊத்துக்குளி