மூன்றாம் தடவை

களுவாஞ்சிக்குடியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கும் நான், மாணவியருக்கு அடிக்கடி சொல்வது எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கையை.

1895 இல் ஆந்திரத்துப் பீமாவரத்தில் பிறந்த அவர், மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் மூன்றாம் தடவைதான் சித்தியடைந்தார். ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அவருடைய சகோதரரைப் பறித்தது. சென்னையில் மருத்துவம் படித்து, 1923 இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் சென்றார்.

1925 இல் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து, இரத்தத்திலுள்ள பொசுபரசை அளக்கும் முறையை வெளியிட்டார். நீல நிறம் எவ்வளவு கடுமையோ அவ்வளவு பொசுபரசு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் அதனை ஆதாரமாகக் காட்டியுள்ளன. அம்முறையின் துணையோடுதான் தசைக்குச் சக்தி தரும் ஏ.ரீ.பீயையும் இனங்கண்டனர். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை.

1940 இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவரது குழு போலிக் அமிலத்தைத் தயாரித்தது. சகோதரரைக் கொன்ற நோய்க்கு அது மருந்தாயிற்று. நம் நாட்டில் யானைக்கால் நோயை ஒழிக்கக் கொடுத்த மாத்திரையும் அக்குழு தந்ததே. 1948 இல், 53 வயதில் காலமானார்.

பெற்றோரே, உயர்தரப் பரீட்சைக்கும் மூன்று தடவை தோற்றலாம். முதல் பெறுபேறு குறைந்ததும் மகளின் புத்தகங்களைக் கட்டி வைத்துவிடாதீர்கள்.