புரதத்திற்கு எல்லை வகுத்தவர்

புரதங்களைப் பற்றிப் படிக்கும் மாணவர் எவரும் ஜி. என். இராமச்சந்திரன் என்னும் பெயரைத் தாண்டிச் செல்ல முடியாது. எந்த நாட்டில் அச்சான உயிர்வேதியியல் நூலாயினும், புரத அமைப்பு பற்றிய அதிகாரத்தில் சதுரக் கட்டம் ஒன்றினுள் தீவுகள் போலச் சில நிழற்பகுதிகள் கொண்ட படம் இருக்கும். அதன் கீழே இராமச்சந்திரன் வரைபடம் என்று எழுதியிருக்கும். நம்மில் பலர் அதை இரண்டு மதிப்பெண் வினாவாகவே அறிவோம். அந்தப் படம் உருவானது சென்னையில். அது உருவாகக் காரணம் ஒரு கருத்துப் போர். அப்போரைப் பற்றியே இங்குச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

1922 அக்டோபர் 8-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர் இராமச்சந்திரன். தந்தையார் கணிதப் பேராசிரியர். அவ்வூர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். மகன் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்சு பயின்றார். 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவரைச் சர் சி. வி. இராமன் இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். பின்னர் 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி, டாக்டர் பட்டம், தாயகம் திரும்புதல்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு இராமனை அழைத்தது. அவரோ தம் மாணவரின் பெயரைச் சொன்னார். துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அந்த இளைஞரையே துறைத்தலைவராக நியமித்தார். முப்பது வயதிலே ஒரு துறையை அடித்தளத்திலிருந்து எழுப்பும் பொறுப்பு! எக்ஸ்-கதிர்க் கருவிகள் இருந்தன. எதை ஆராய்வது என்பதே கேள்வி. அவ்வேளையில் சென்னைக்கு வந்த இங்கிலாந்து அறிஞர் ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் எவருக்கும் பிடிபடவில்லை என்று எடுத்துரைத்தார்.

கொலாஜன் நார்ப்புரத வகையைச் சேர்ந்தது. முட்டையின் ஆல்புமின், இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆகியவை உருண்டை வடிவானவை, நீரில் கரையும். கொலாஜனோ நீண்ட இழை. குளிர்ந்த நீரில் கரையாது. இழுத்தாலும் எளிதில் அறாது. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு வலிமை தருவது அதுவே. நீரில் நெடுநேரம் கொதிக்க வைத்தால் மட்டும் கட்டவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும். தோல் பதனிடுதல் என்பதே அடிப்படையில் கொலாஜனைக் கெடாமல் காப்பதுதான். ஆதலால் அண்டையிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது பெரும் பேறாயிற்று. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதை எக்ஸ்-கதிரில் வைத்துப் படமெடுத்தார்கள். உடன் உழைத்தவர் கோபிநாத் கர்த்தா.

விடை கிடைத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. எந்த விலங்கின் கொலாஜனைப் பகுத்தாலும் அமினோ அமிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கிளைசின். மற்றப் பெரும்பாலான புரதங்களில் இப்படி இல்லை. இது தற்செயலாக இருக்க முடியாது; ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின்தான் இருக்கவேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள். மூன்று இழைகள் நெருங்கி அமையும்போது நடுவில் இடம் மிகக் குறைவு. அங்கே பக்கக்கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவை உடைய கிளைசின் மட்டுமே நுழையும். 1954-இல் 'நேச்சர்' இதழில் மும்மை இழை அமைப்பு வெளிவந்தது. மறு ஆண்டு, அம்மூன்று இழைகளும் முப்புரிக் கயிறுபோல ஒன்றையொன்று சுற்றிச் செல்கின்றன என்று திருத்தி எழுதினார்கள்.

அப்போதுதான் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் சாமானியர்கள் அல்லர். 1953-இல் வாட்சனோடு டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட பிரான்சிஸ் கிரிக்கும், அவரோடு அலெக்சாண்டர் ரிச்சும். சென்னை அமைப்பில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்குகின்றன. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்க முடியாது, ஒன்றே இருக்கும் என்பது அவர்கள் வாதம்.

வேறொருவராயின் மனம் நொந்து வேறு துறைக்குப் போயிருப்பார். அல்லது பத்திரிகைகளில் மறுப்புரை எழுதியே காலம் கழித்திருப்பார். இராமச்சந்திரன் கேட்ட கேள்வி வேறு: அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் தேடி எடுத்து, அணுக்களுக்கிடையே உள்ள தூரங்களை அளந்தார்கள். வழக்கமான எல்லையைவிடச் சற்றுக் குறைந்த தூரங்களும் இயற்கையில் உள்ளன என்பது தெரிந்தது. ஆகவே இயல்பான எல்லை, கடைசி எல்லை என இருவகை அளவுகளை வகுத்தார்கள்.

அந்த அளவுகோல் கையில் வந்ததும் கொலாஜனோடு நிற்கவில்லை. பெப்டைடு பிணைப்பு தட்டையானது, சுழலாது. ஓர் ஆல்ஃபா கார்பனின் இருபுறமும் உள்ள இரண்டு ஒற்றைப் பிணைப்புகளே சுழலும். இரண்டு அட்டைகளை ஒரு மூலையில் கோத்துத் திருப்புவதுபோல் எண்ணிக்கொள்ளலாம். அச்சுழற்சிக் கோணங்களே ஃபை, சை. ஒவ்வொரு கோண இணைக்கும் எந்தெந்த அணுக்கள் மோதுகின்றன என்று கணக்கிட வேண்டும். இன்றைய கணிப்பொறி இல்லாத காலம். மேசைக் கணக்கிடும் பொறிகளைக் கொண்டே செய்தார்கள். வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் இதில் பங்காளிகள். 1963-இல் முடிவு வெளியாயிற்று. கட்டத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலம்! பாலிங் 1951-இல் கண்ட ஆல்ஃபா சுருளும் பீட்டா தகடும் அனுமதிக்கப்பட்ட சிறு தீவுகளில் அமைந்தன. கொலாஜனும் அப்படியே. கிளைசினுக்கு மட்டும் நடமாட இடம் அதிகம். வளையத்தால் கட்டுண்ட புரோலினுக்கோ மிகக் குறைவு.

இன்றும் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டதாகச் சொல்பவர் இந்த வரைபடத்தில் அதை நிறுத்திக் காட்டவேண்டும். கணிப்பொறி முன்கூட்டிச் சொல்லும் அமைப்புகளும் இச்சோதனைக்கு உட்பட்டவையே.

நேர்மையாகச் சொன்னால், நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான் என்ற செய்தியில் வென்றவர்கள் எதிர்த்தரப்பினரே. 1994-இல் கொலாஜனை ஒத்த பெப்டைடு ஒன்றின் படிக அமைப்பு அதை உறுதி செய்தது. ஆனால் நீர் மூலக்கூறு ஒன்று இடையே நின்று மற்றொரு இணைப்பைத் தரலாம் என்று இராமச்சந்திரன் 1968-இல் எழுதியிருந்தார். அதே படிகத்தில் அத்தகைய நீர்ப்பாலங்களும் காணப்பட்டன. மும்மை இழை என்ற மூலக்கருத்தை எவரும் அசைக்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லையே என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய குறை, கர்த்தா, சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோரின் பெயர்கள் அப்படத்தின் அருகே காணப்படாததே.

1970-இல் அவர் சென்னையை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டு பெங்களூரில் மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். அதே 1971-இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனோடு சேர்ந்து, எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்கும் கணித முறையொன்றை வெளியிட்டார். மருத்துவமனைகளில் எடுக்கும் சி.டி. ஸ்கேனின் கணக்கு அவ்வகையைச் சேர்ந்ததே. 1977-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். முதுமையில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. 1998-இல் துணைவியார் இராஜலட்சுமி மறைந்தார். மறு ஆண்டு படிகவியலாளர்களின் உலகப் பேரமைப்பு எவால்ட் பரிசை அவருக்கு வழங்கியது. 2001 ஏப்ரல் 7-இல் சென்னையில் காலமானார்.