எல்லை தாண்டிய வாய்ப்பூட்டு

முள்ளிப்பட்டில் தறிக்குழிக்குப் பக்கத்தில் நாளேடு மடித்துக் கிடப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். எழுதும் உரிமைக்காக முன்னோர் பட்ட பாட்டை நினைப்போர் சிலரே. நினைவூட்டுவது நம் கடமை.

எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த சுப்பிரமணிய பாரதி, 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1906இல் சென்னையில் தோன்றிய 'இந்தியா' வார ஏடு அவர் பேனாவால் வளர்ந்தது. வெள்ளையர் ஆட்சி பொறுக்குமா? 1908இல், ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறைப்பட்டார். பாரதியோ பிரெஞ்சுக் கொடி பறந்த புதுவைக்குச் சென்றார். அவ்வாண்டு அக்டோபரிலேயே ஏடு அங்கிருந்து புறப்பட்டது.

புதுவையில் பிரிட்டனுக்கு ஒரு கான்சல் இருந்தார். இரு நாட்டு உறவைப் பேணுவதே தூதரின் வேலை. பிரிட்டிஷ் அதிகாரம் அங்கே செய்தது என்ன? வீதிகளில் ஒற்றர்களை நிறுத்திற்று; தஞ்சம் புகுந்தோரைப் பிடித்துத் தருமாறு பிரெஞ்சு நிர்வாகத்தை நச்சரித்தது. லண்டனும் பாரிஸும் 1904இல்தான் நேச உடன்பாடு கண்டிருந்தன. அந்த நேசத்தையே கவிஞரின் கழுத்துக்குச் சுருக்காகத் திரிக்கப் பார்த்தனர். பிரெஞ்சுக்காரர் நெளிந்தனர், ஆயினும் ஒப்படைக்கவில்லை.

உடனே வேறு வழி தேடினர். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் ஏடு நுழையத் தடை விழுந்தது. வாசகரில் பெரும்பாலோர் எல்லைக்கு இப்பால்தானே! அச்சகத்தைத் தொடாமலே 1910 மார்ச்சில் ஏட்டை நிறுத்திவிட்டனர். பாவை அறுத்தபின் தறியை உடைப்பானேன்?

1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபின் நெருக்கடி முற்றியது. அயலார் தங்குவதற்கு ஐந்து பிரமுகர்களின் கையொப்பம் வேண்டுமென்றார்கள். கலவை சங்கர செட்டியார் துணை நின்று அதைப் பெற்றுத் தந்தார். ஏடு நின்றது; எழுத்து நிற்கவில்லை. பாஞ்சாலி சபதம் பிறந்தது அந்த வாழ்வில்தான்.

1918 நவம்பரில் எல்லை தாண்டிய பாரதியைக் கடலூரருகே கைது செய்தனர். ஏறத்தாழ மூன்றரை வாரச் சிறை. 1921 செப்டம்பரில், 39 வயது நிறையுமுன்னே மறைந்தார்.

வெள்ளையர் போய்விட்டனர், அந்தப் பழக்கம் போயிற்றா? கசப்பான செய்தி எழுதிய நிருபருக்கு விசா மறுக்கும் அரசுகள் இன்றும் உண்டு. பாரதியைப் போற்றும் நாம் ஒன்றை நெஞ்சில் கொள்வோம்: நம் ஏட்டுக்குக் கேட்கும் உரிமையை, நம்மை ஏசும் ஏட்டுக்கும் கேட்கவேண்டும். அதற்கு மனம் வராவிட்டால், நாம் புதுவையின் பக்கம் அல்ல. கான்சலின் பக்கமே நிற்கிறோம்.