கோழிக் கூட்டில் கண்ட உண்மை

அரிசிச் சோறு உண்ணும் நாடுகளில் ஒரு காலத்தில் பெரிபெரி என்றாலே மக்கள் நடுங்குவார்கள். முதலில் கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பு வீங்கும். பிறகு நெஞ்சு படபடத்து ஆள் திடீரென்று போய்விடுவார். இந்நோயின் மூலத்தைக் காண வழி திறந்தவர் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன்.

1858ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் ஹாலந்து நாட்டின் நைகெர்க் என்னும் ஊரில் பிறந்த அன்னார், 1883இல் இராணுவ வைத்தியராகச் சாவா பக்கம் வந்தார். மலேரியாக் காய்ச்சல் இரண்டே ஆண்டில் அவரை ஊருக்குத் திருப்பியனுப்பியது. மனிதர் விடவில்லை. 1886இல் பெரிபெரியை ஆராய வந்த குழுவோடு மீண்டும் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, வந்து சேர்ந்தார்.

எல்லா நோய்க்கும் கிருமியே காரணம் என்று நம்பிய காலம் அது. எய்க்மனும் கிருமியைத்தான் தேடினார். கோழிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். 1889இல் கோழிகள் கால் துவண்டு விழுந்தன. வேடிக்கை என்னவென்றால், ஊசி போடாத கோழிகளும் விழுந்தன! சில மாதம் கழித்து, மிச்சமிருந்தவை தாமாகவே எழுந்து நடந்தன. துருவிப் பார்த்தால் விஷயம் அடுப்படியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரரோ, இராணுவத்துச் சோற்றை வெளிக் கோழிகளுக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அதன்பின் தவிடு போகாத அரிசி கிடைத்தது, கோழிகள் பிழைத்தன. அந்தச் சமையற்காரரின் பிடிவாதத்துக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது என்பேன்.

கோழிக்குச் சரி, மனிதருக்கு? அவருடைய நண்பர் ஃபோர்டர்மன் சாவாவிலும் அடுத்துள்ள மதுரா தீவிலும் 101 சிறைகளில் விசாரித்தார். தீட்டிய வெள்ளையரிசி தின்ற கைதிகளில் 39 பேருக்கு ஒருவர் பெரிபெரியில் விழுந்தார். தவிட்டரிசி தின்றவர்களிலோ ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவர்தான்.

ஆனால் காரணத்தை எய்க்மன் சரியாகச் சொல்லவில்லை. சோற்றில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றே எண்ணினார். நஞ்சு எதுவுமில்லை, உடம்புக்கு வேண்டிய ஒரு சத்துத்தான் குறைகிறது என்று 1901இல் எடுத்துரைத்தவர் அவருக்குப் பின் ஆராய்ச்சியைத் தொடர்ந்த கிரைன்ஸ். எய்க்மனும் பின்னாளில் அதை ஏற்றுக்கொண்டார். அந்தச் சத்துத்தான் தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து.

நம் நாட்டுக்கும் இக்கதையில் பங்குண்டு. ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் கொத்துக்கொத்தாகப் பெரிபெரியால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளரிடையே அது அரிதாகவே இருந்ததை மலாயா டாக்டர்கள் கவனித்தார்கள். 1907இல் ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் ஜெலுபுவில் சாலை போட்ட சாவாத் தொழிலாளர் 300 பேரை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தனர். வெள்ளையரிசிக்காரர்களுக்கே நோய் வந்தது. அரிசியை மாற்றினார்கள்; நோயும் பக்கம் மாறியது! நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. நம் பாட்டிமார் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பருப்பு, பாசிப்பயறு, நிலக்கடலை, முழுக்கோதுமை, பன்றியிறைச்சி இவற்றிலும் பி1 உண்டு. உடம்பில் இது அதிக நாள் தங்காது. சில வாரத்திலேயே தீர்ந்துவிடும். நீரில் கரையும் சத்து ஆதலால், அரிசியை ஏழெட்டுத் தடவை களைந்து, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் அதோடு போயிற்று.

1896இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய எய்க்மன், 1898 முதல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1929இல் ஆங்கிலேயர் ஹாப்கின்சோடு நோபல் பரிசு பெற்றார். கிரைன்சுக்குப் பங்கு கிடைக்காதது நமக்கு வருத்தமே. நோயுற்றிருந்த எய்க்மனால் பரிசை நேரில் வாங்கப் போகவும் முடியவில்லை. மறு ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் உட்ரெக்டில் காலமானார்.