கூலிக்குழுக்களிலிருந்து எழுந்த சங்கம்: லாரி இட்லியோங்கின் வாழ்வு

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டியுள்ள இம்பீரியல் பள்ளத்தாக்கில் முலாம்பழ அறுவடை மே, ஜூன் மாதங்களில் நடைபெறும். வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காலம் அது. முற்றிய பழம் கொடியிலிருந்து எளிதில் கழன்றுவிடும்; உடனே பறித்துப் பெட்டியிலிட்டு அனுப்பாவிட்டால் அழுகிவிடும். ஆண்டு முழுவதும் பேரம் பேச வழியற்ற தொழிலாளிக்கு அந்தச் சில வாரங்களில் மட்டும் ஒரு பிடி கிடைக்கிறது. 1928இல் அங்கிருந்த மெக்சிகத் தொழிலாளர்கள் அப்பிடியைப் பற்றிக்கொண்டு பெட்டிக்கு 15 சென்ட் கேட்டனர். கூலியில் கால்பங்கைப் பருவம் முடியும்வரை பிடித்துவைத்து, சில வேளைகளில் அதனுடன் தலைமறைவாகியும்விடும் ஒப்பந்தக்காரர்கள்மீது அவர்களுக்கு இருந்த சினமே பெரிது. காவல்துறையின் கைதுகள் வேலைநிறுத்தத்தை உடைத்தன. ஆயினும் கால்பங்கைப் பிடித்துவைக்கும் முறை அதன்பின் கைவிடப்பட்டது.

அடுத்த ஆண்டு, இத்தகைய வயல்களின் உலகிற்குள் 15 வயதுச் சிறுவனாக நுழைந்தவர் லாரி இட்லியோங். பிலிப்பைன்ஸின் பங்காசினான் மாகாணத்தில் 1913 அக்டோபர் 25 அன்று பிறந்தவர். ஆறாம் வகுப்பைத் தாண்டாத அவர் வழக்கறிஞராகும் கனவோடு கப்பலேறினார். பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்கக் குடியேற்ற நாடு. அதனால் அம்மக்கள் அந்நியர் அல்லர் என்றது சட்டம். ஆனால் குடிமக்களும் அல்லர். வாக்குரிமை இல்லை. வெள்ளையினப் பெண்களை மணக்க 1933இல் கலிஃபோர்னியச் சட்டம் வெளிப்படையாகவே தடைவிதித்தது. அதற்கு முன்பே, 1930 ஜனவரியில், வாட்சன்வில் நகரில் வெள்ளையர் கும்பல்கள் பல நாள்கள் பிலிப்பினோ தொழிலாளர்களை வேட்டையாடி, ஓர் இளைஞரைச் சுட்டுக் கொன்றன. 1934ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 50 பேருக்கு மேல் பிலிப்பைன்ஸிலிருந்து குடியேற முடியாதவாறு கதவை அடைத்தது. மண உறவைச் சட்டம் கொண்டு காவல் காக்கும் சமூகம் எதைக் காக்கிறது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பலர் மணமின்றியே முதுமையடைந்தனர். அண்ணன் எனப் பொருள்படும் ‘மனோங்’ என்ற சொல்லால் பின்வந்த தலைமுறை அவர்களை அழைத்தது.

குடும்பம் மறுக்கப்பட்ட இவர்களுக்குக் கூலிக்குழுவே குடும்பமாயிற்று. ஒரே மொழி பேசும் ஆண்கள் ஒன்றுசேர்ந்து, கூட்டாகச் சமைத்து, முகாம்களில் தங்கி, பயிரைத் தொடர்ந்து ஊர் ஊராகச் சென்றனர். ஸ்டாக்டன் பகுதியில் அஸ்பாரகஸ், சலினாஸில் லெட்டூஸ், கோச்செல்லாவிலும் டெலானோவிலும் திராட்சை, கோடையில் அலாஸ்காவின் மீன் ஆலைகள் என நீண்டது அச்சுற்று. ஆங்கிலம் அறிந்த குழுத்தலைவர் பண்ணையாரிடம் கூலி பேசுவார். நம் தேயிலைத் தோட்டக் கங்காணியைப் போலவே அவர் கையில் வேலையும் இருந்தது, தரகும் இருந்தது. ஆனால் குழு முழுவதும் ஒரே நேரத்தில் வேலையைக் கீழே போட்டால் பண்ணையார் திணறிப்போவார் என்பதும் உண்மை. இட்லியோங் தன் வாழ்நாள் அரசியலை இந்த இரண்டாவது உண்மையின் மீதே கட்டினார்.

வந்த மறு ஆண்டே வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு லெட்டூஸ் வேலைநிறுத்தத்தில் சேர்ந்தார். அலாஸ்காவில் நேர்ந்த விபத்தில் மூன்று விரல்களை இழந்ததால் ‘ஏழு விரல்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது. மீன் ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் பொறுப்பு வகித்து, 1956இல் ஸ்டாக்டனில் பிலிப்பினோ பண்ணைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார். பின்னர் வேளாண் தொழிலாளர் அமைப்புக் குழுவில் முழுநேர அமைப்பாளரானார். தொழிற்சங்க உரிமை வழங்கிய 1935ஆம் ஆண்டு தேசியச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களை விலக்கி வைத்திருந்தது. எனவே சட்டத்தின் துணையின்றியே அவர் வேலை செய்ய வேண்டியிருந்தது.

1965 மே மாதத்தில் கோச்செல்லாவில் திராட்சை பழுத்தபோது, மணிக்கு 1.40 டாலர் கேட்டுக் குழுக்கள் வேலையை நிறுத்தின. பழம் காத்திருக்கவில்லை, சில நாள்களிலேயே கூலி உயர்ந்தது. அதே குழுக்கள் வடக்கே டெலானோவுக்கு வந்தபோது அங்குள்ள பண்ணையார்கள் அக்கூலியைத் தர மறுத்தனர். செப்டம்பர் 7 இரவு பிலிப்பினோ சமூகக் கூடத்தில் தொழிலாளர்கள் வாக்களித்தனர்; மறுநாள் வயலில் இறங்கவில்லை. முகாம்களின் தண்ணீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன, முதியவர்கள் வெளியேற்றப்பட்டனர்.

பிலிப்பினோக்கள் வேலைநிறுத்தம் செய்தால் மெக்சிகரையும், மெக்சிகர் செய்தால் பிலிப்பினோக்களையும் இறக்குவது பண்ணையார்களின் பழைய உத்தி. அதை நன்கறிந்த இட்லியோங், சீசர் சாவேசின் சங்கத்தை அணுகினார். தம் சங்கம் இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதே சாவேசின் கணிப்பு. எனினும் செப்டம்பர் 16 அன்று மெக்சிகத் தொழிலாளர்களும் வாக்களித்து இணைந்தனர். இந்த வரிசையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெலானோ வேலைநிறுத்தம் சாவேசால் தொடங்கப்பட்டதென்றே பலர் இன்றும் எழுதுகின்றனர். 1966இல் இரு அமைப்புகளும் ஒன்றாயின. சாவேஸ் இயக்குநர், இட்லியோங் துணை இயக்குநர். நாடு தழுவிய திராட்சைப் புறக்கணிப்புக்குப் பின் 1970 ஜூலையில் டெலானோ பண்ணையார்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

வெற்றிதான் சிக்கலையும் கொண்டுவந்தது. ஒப்பந்தக்காரரை ஒழிக்க, இனிச் சங்கமே பணிமூப்பின்படி ஆள்களை வேலைக்கு அனுப்பும் என்றாயிற்று. கொள்கையளவில் இதை மறுக்க முடியாது. நடைமுறையிலோ, பல்லாண்டுகளாக ஒன்றாகவே வயல் மாறிய பிலிப்பினோ குழுக்கள் சிதறின. சமைத்தவர் ஒரு பண்ணைக்கு, அவரோடு உண்டவர் வேறொரு பண்ணைக்கு. சுரண்டும் தரகரை வெட்டிய கத்தி, குடும்பமற்றவர்களின் குடும்பத்தையும் வெட்டியது. சங்கத்தில் பெரும்பான்மை மெக்சிகருடையது. முடிவுகள் சாவேசைச் சுற்றியிருந்த சிறு வட்டத்தில் எடுக்கப்பட்டன. முதிய மனோங்குகளின் குறைகள் அங்கே கேட்கப்படவில்லை என்ற மனத்தாங்கலோடு இட்லியோங் 1971 அக்டோபரில் விலகினார். பண்ணையார்கள் பக்கம் அவர் போய்விடவில்லை. முதிய பிலிப்பினோ தொழிலாளர்களின் நலனுக்காகத் தொடர்ந்து உழைத்தார். அவர்களுக்கான அக்பயானி முதியோர் குடியிருப்பு 1974இல் டெலானோவில் திறக்கப்பட்டது. மறியல் களத்தில் உயிர்நீத்த ஒரு மனோங்கின் பெயரை அது தாங்கியிருக்கிறது.

நரம்புத் தேய்வு நோயால் 1977 பிப்ரவரி 8 அன்று, 63ஆம் வயதில், டெலானோவிலேயே இட்லியோங் மறைந்தார். பண்ணைத் தொழிலாளர் இயக்கத்தில் பிலிப்பினோக்களின் பங்கைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டுமெனக் கலிஃபோர்னியா சட்டமியற்றியது 2013இல். அவருடைய பிறந்தநாள் அம்மாநிலத்தில் லாரி இட்லியோங் நாளாக 2015இல் அறிவிக்கப்பட்டது.